தலைக்கு அளவான தலையணை



"ராத்திரி தூக்கமே இல்லை, கழுத்து பிடிச்சுக்கிட்டுது" என்று காலையில் சொல்கிறோம். இதற்குத் தலைச்சுமை காரணமாக இருக்கலாம். தலையணையும் காரணமாக இருக்கலாம். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே அளவுத் தலையணை ஒத்துவராது. கணவனுக்கு ஏற்றது மனைவிக்கு ஏற்காது. கைக்குழந்தைக்கோ தலையணையே ஆகாது!

உயரம் எவ்வளவு?

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையே உள்ள பள்ளம் நிரம்பும் அளவு உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வாக இருந்தால் போதும். குப்புறப் படுத்தால் கழுத்து திருகிக் கொள்ளும். அந்தப் பழக்கத்தை விடுவது நல்லது.

ஒருவர் ஒருக்களித்துப் படுங்கள். மற்றவர் பின்னாலிருந்து பாருங்கள். தலையும் முதுகெலும்பும் ஒரே நேராக இருந்தால் அளவு சரி. தலை மேலே தூக்கி நின்றால் கொஞ்சம் பஞ்சை எடுத்துவிடுங்கள். கீழே தொங்கினால் பழைய சேலையை மடித்து அடியில் வையுங்கள். காசு செலவில்லை.

இலவம் பஞ்சு நல்லதா?

நல்லதுதான். அதன் இழை உள்ளே குழலாக இருப்பதால் எடை குறைவு. தண்ணீரையும் எளிதில் உறிஞ்சாது. ஆனால் நாளாக ஆகக் கட்டிபட்டு அமுங்கிப் போகும். அப்போது பிரித்து உதறி மீண்டும் அடைக்க வேண்டும். இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பஞ்சு இது. அடுப்பு, விளக்கின் பக்கம் வைக்காதீர்கள்.

மலையில் மழையும் பனிமூட்டமும் அதிகம். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். இழுப்பு உள்ளவருக்கு மூச்சிரைப்பு கூடும். ஆகவே வெயில் கண்ட அன்றே தலையணையைக் காய வையுங்கள். உறையை வாரம் ஒருமுறை துவைத்து உலர்த்துங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

ஏழாம் மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்தால், கர்ப்பப்பையின் பாரம் முதுகை ஒட்டிய பெரிய இரத்தக்குழாய்களை அழுத்தும். குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையும். ஒருக்களித்தே படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்புவலி குறையும். கணவன்மார்களே, வீட்டில் ஒரே தலையணைதான் என்றால் அதை அவளுக்குக் கொடுங்கள்!

கைக்குழந்தைக்கு வேண்டாம்

"மண்டை உருண்டையா வரணும்" என்று கடுகுத் தலையணை வைப்பார்கள். வேண்டாம். பச்சைக் குழந்தைக்குத் தலையை விலக்கிக்கொள்ளத் தெரியாது. மூக்கும் வாயும் அழுந்தினால் சத்தமில்லாமலே மூச்சு நின்றுவிடும். ஒரு வயது வரை தலையணை இல்லாமல், சமமான படுக்கையில் மல்லாத்தியே தூங்க வையுங்கள். 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொன்னார்கள். அதன்பின் சில ஆண்டுகளில், அங்கே தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

குளிருக்குச் சட்டைமேல் சட்டை போடுங்கள். போர்வை முகத்தை மூட விடாதீர்கள். தலை உருண்டையாக வர, விழித்திருக்கும்போது நம் கண்முன்னே சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் மூச்சு வருகிறது என்றாலோ, கழுத்துவலியுடன் கை மரத்துப் போனாலோ தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மற்றச் சந்தேகங்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்றிரவே உங்கள் குழந்தையின் தலைமாட்டைப் பாருங்கள். தலையணை இருந்தால் எடுத்துவிடுங்கள்!