‘ஏனுங்’: ககரம் போனாலும் இடம் போகவில்லை

கோவையில் டவுன் பஸ் ஏறுகிறவர் கண்டக்டரிடம் பேச்சைத் தொடங்குவதே ‘ஏனுங்’ என்றுதான். பதில் ‘சரிங்’ என்று வரும். வெளியூர்க்காரர் காதில் அது மரியாதை. ஒலியியல் படித்தவர் காதில் அது இலக்கண மீறல்.

சொல்லின் ஈற்றில் வரக்கூடிய எழுத்துகள் 24 என்று நன்னூல் கணக்கிடுகிறது. அதில் ஞ்-க்குக்கூட இடமுண்டு, ங்-க்கு இல்லை. இத்தனைக்கும் அந்நூலை எழுதிய பவணந்தி முனிவரைப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு மக்கள் உரிமை கொண்டாடுகிறார்கள்.

‘ஏனுங்க’, ‘சரிங்க’ என்பவற்றில் வால் தேய்ந்து க உதிர்ந்ததால் வந்தவை இந்த வடிவங்கள். க போனபின் ங் ஏன் ம் ஆகவில்லை, ன் ஆகவில்லை? முதலில் இனமாக்கு, பிறகு உதிர் என்று விதிகளை வரிசையிட்டுச் சமாளிக்கலாம். கணக்கு முடியும், காரணம் தெரியாது. கோட்டுருவாக வரைந்தால் தெரியும்.

மேல்வரிசையில் ஒலிகள். கீழ்வரிசையில் வாய்க்குள் காற்று அடைபடும் இடங்கள்: உதடு, பல், அடிநாக்கு. ஒலியையும் இடத்தையும் சேர்க்க ஒரு கோடு. ‘மரம்’ என்னும்போது ம் உதட்டோடு கட்டுண்டிருக்கிறது. ‘கள்’ வந்து ஒட்டியதும் அந்தக் கோடு அறுகிறது. க-வின் இடமான அடிநாக்கிலிருந்து மெல்லினத்துக்குப் புதுக்கோடு நீள்கிறது. மரங்கள்! இப்போது இடம் ஒன்று, கோடு இரண்டு. பள்ளியில் ‘இன எழுத்து’ என்று படித்தது இந்தப் பங்காளி உறவைத்தான். க-வும் ங-வும் ஒரே இடத்தில் பிறப்பவை என்று பவணந்தியே சொல்லிவைத்திருக்கிறார்.

‘சரிங்க’வில் க-வை அழித்தால் அதன் கோடு மட்டும் போகும். இடத்தை மெல்லினத்தின் கோடு பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

இப்படி வரையும் முறையை 1976-இல் எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்தவர் ஜான் கோல்ட்ஸ்மித். நைஜீரியாவின் இக்போ போன்ற ஆப்பிரிக்க மொழிகளில் சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அத்தகைய மொழிகளில் உயிரொலி உதிர்ந்த பிறகும் அதன் சுருதி மட்டும் பக்கத்து உயிரைத் தொற்றிக்கொண்டு பிழைப்பதுண்டு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது என்பது இந்த வரைபடத்தின் கண்டிப்பான விதி. 1985-இல் ஜார்ஜ் கிளெமென்ட்ஸ் ஒலிக்கூறுகளைக் கிளைவிடும் மரமாக அடுக்க, ‘இடம்’ தனிக் கணுவானது.

உதிராத ‘ஏனுங்க’வும் கோவையில் புழங்கத்தான் செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், அடிநாக்குக் கணுவில் ‘ஏனுங்க’வுக்கு இரண்டு கோடு, ‘ஏனுங்’குக்கு ஒன்று.