கம்ப்யூட்டர் உருட்டும் தாயக்கட்டை

தாயக்கட்டையை உருட்டுகிறீர்கள். தாயம் விழுமா, பன்னிரண்டு விழுமா? உருட்டுகிற உங்களுக்கே தெரியாது. ஆட்டத்தின் சுவையே அதில்தான் இருக்கிறது, அல்லவா?

இந்த வித்தை கம்ப்யூட்டருக்கு வராது! சொன்னதைச் சொன்னபடி செய்யும் சமர்த்துப் பிள்ளை அது. ஆனால், நீங்கள் பாங்கிக்குப் பணம் பற்றிச் சேதி அனுப்பும்போதெல்லாம், யாராலும் ஊகிக்க முடியாத ஓர் இரகசிய எண் அதற்கு வேண்டும். அந்த எண்தான் சேதிக்குச் சாவி.

சாவியை யாராவது ஊகித்துவிட்டால்? 1995-ல் அமெரிக்காவில் அப்படித்தான் ஆயிற்று. அந்நாளில் பிரபலமாயிருந்த நெட்ஸ்கேப் பிரௌஸர், கடிகார நேரத்தையும், கம்ப்யூட்டர் தன் வேலைகளுக்கு இட்டுக்கொள்ளும் இரண்டு வரிசை எண்களையும் வைத்தே சாவி செய்து வந்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் பெர்க்லி சர்வகலாசாலை மாணவர்களான இயன் கோல்ட்பெர்க்கும் டேவிட் வாக்னரும். வரிசை எண்களும், சாவி பிறந்த வினாடியும் தெரிந்துவிட்டால், பாக்கி 10 லட்சம் மைக்ரோ வினாடிகள்தானே! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் கதவு திறந்துவிடும். பிறகு கம்பெனியார் அந்தக் குறையைத் திருத்தினார்கள்.

அப்படியானால் நல்ல தாயக்கட்டைக்கு எங்கே போவது? வேறெங்கும் வேண்டாம், உங்களிடமே இருக்கிறது!

லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக 1994-ல் தியோடர் ட்ஸோ என்பவர் ஒரு வழி செய்தார். நீங்கள் டைப் அடிக்கிறீர்கள். அடுப்பில் பால் பொங்குகிறதோ என்று ஒரு கண்; விரல் சற்றே தயங்குகிறது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கம்ப்யூட்டர் நுட்பமாகக் குறித்துக்கொள்கிறது. மவுஸ் நகர்வதையும், டிஸ்க் பதில் தரும் நேரத்தையும் அப்படியே குறிக்கிறது. இப்படிச் சேரும் ஊகிக்க முடியாத தன்மைக்கு 'எண்ட்ரோபி' என்று பெயர்.

அரிசியையும் உளுந்தையும் ஆட்டியபின் பிரிக்க முடியுமா? அதுபோல எல்லாவற்றையும் கலந்து அரைத்துத்தான் எண்ணை எடுக்கிறது. தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல, அணைக்குமுன் கொஞ்சம் சேமித்து வைத்து, மறுபடி ஆரம்பிக்கும்போது சேர்த்துக்கொள்வதும் உண்டு. இந்நாளில் பிராஸஸருக்குள்ளேயே மின்சாரச் சலசலப்பிலிருந்து எண் எடுக்கும் உறுப்பும் வந்திருக்கிறது. அதுவும் இந்த மாவில் சேருகிறது.

ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். ஆகையால், எழுத்தைத் தேடி உங்கள் விரல் தயங்கினால், பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டும்! அந்தத் தயக்கமும் உங்கள் பணப்பெட்டிக்கு ஒரு காவல்.