வீடு பார்க்குமுன் மேடு பார்!

வேலை மாற்றலாகி மதுரைக்கு வரும் ஒரு குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?" என்பதுதான். வாடகை, முன்பணம், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று பெரியவர்கள் கணக்குப் போடுவார்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. குடியிருக்க இடம் தேர்வதில் புவியியலும் இயற்பியலும் எளிய கணக்கும் இருக்கின்றன. மதுரையை வைத்தே அவற்றைப் பார்ப்போமா?

கோட்டைக்கு வெளியே வந்த நகரம்

மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக அமைந்தது பழைய மதுரை. அதைச் சுற்றிக் கோட்டையும் அகழியும் இருந்தன. 1837-ஆம் ஆண்டுவாக்கில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். தூர்ந்த அகழியின் மேல் எழுந்தவையே இன்றைய வெளி வீதிகள். அதன் பின் நகரம் நான்கு திசையிலும் பரவியது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை 10,17,865. அப்போதைய பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர கிலோமீட்டரில் சுமார் 19,600 பேர்! அதே ஆண்டில் மாநகராட்சியின் எல்லை ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது.

தூரத்துக்கும் விலை உண்டு

நகரின் நடுவில் வாடகை அதிகம். வெளியே போகப் போகக் குறைவு. ஏன்? ஜெர்மானிய அறிஞர் வான் தூனன் 1826-இல் இதற்கு விளக்கம் தந்தார். சந்தையிலிருந்து தூரம் கூடினால் போக்குவரத்துச் செலவு கூடும். அந்த அளவுக்கு நிலத்தின் மதிப்பு குறையும் என்றார். வாடகையில் மிச்சமாவது பயணத்தில் செலவாகிவிடுகிறது.

ஒருவர் வேலையிடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பதாகக் கொள்வோம். நெரிசலில் பேருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் பயணம் 40 நிமிடம். காத்திருப்பு 10 நிமிடம். போக வர 100 நிமிடம். மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 500 மணி நேரம்! இது கிட்டத்தட்ட 21 முழு நாட்களுக்குச் சமம். மக்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே பயணத்துக்கு ஒதுக்க விரும்புகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலறிஞர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். எனவே தூரத்தைக் கிலோமீட்டரில் அல்ல, நிமிடத்தில் அளப்பதே சரி.

ஊர்ப் பெயரே வரைபடம்

மாடக்குளம், பீபிகுளம், தல்லாகுளம், மேலமடை, உலகநேரி. மதுரையின் இந்தப் பெயர்களில் குளமும் மடையும் ஏரியும் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? நரிமேடு என்ற பெயரில் மேடு இருக்கிறது. பெயர் மட்டுமே சான்றாகிவிடாது. ஆனால் விசாரிக்க வேண்டிய இடத்தை அது சுட்டிக்காட்டும்.

மதுரைச் சமவெளியில் நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலிபோல் அமைத்தார்கள். மேலே உள்ள கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்; கடைசியில் ஆற்றைச் சேரும். கரைக்குக் கீழே இருந்த வயல்களுக்கு மடை வழியாக நீர் தானாகவே இறங்கியது. அப்படியானால் அந்த வயல்கள் கண்மாயின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தவை அல்லவா? அந்த வயல்களே பிறகு மனைகளாயின. நீரை வரவழைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த நிலத்தில் வீடு கட்டினால், நீர் பழைய வழியை மறப்பதில்லை.

இங்கே ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நீர். 10 ஹெக்டேர் குடியிருப்பில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 50 லட்சம் லிட்டர்! மண்தரையாக இருந்தால் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் பெரும்பகுதியை அப்படியே ஓடவிடும். வாய்க்கால் குறுகியிருந்தால் நீர் எங்கே போகும்? 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் இதற்கு விடை கிடைத்தது. செல்லூர்க் கண்மாயின் மிகைநீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நகரின் தென்பகுதியில் கிருதுமால் நதியும் இன்று கழிவுநீர் வாய்க்காலாகச் சுருங்கிக் கிடக்கிறது.

பாறைக்குள் தண்ணீர்

யானைமலையும் நாகமலையும் பசுமலையும் தரைக்கு மேலே தெரியும் பாறைகள். நகரின் அடியிலும் கடினப்பாறையே உள்ளது. பாறைக்குள் மணலில் உள்ளதுபோல் துளைகள் இல்லை. மேலேயுள்ள சிதைந்த அடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். அதனால் ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணறு சுரக்கும்; பக்கத்து வீட்டில் வறண்டுவிடும். ஒரு கிணற்றைப் பார்த்து முடிவு செய்யாமல் தெருவில் நாலைந்து வீடுகளில் விசாரிக்க வேண்டும். அதுவும் சித்திரை, வைகாசி மாத நிலவரத்தை. கண்மாய் நிறைந்திருந்தால் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஏறும். ஆகவே கண்மாய்க்கு அருகில், ஆனால் அதன் நிறைமட்டத்துக்கு மேலே உள்ள இடமே நல்லது.

சத்தமும் கவனிக்கத்தக்கது. குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மிகக்கூடாது என்பது இந்திய விதி. ஓயாது வண்டிகள் ஓடும் சாலையிலிருந்து தூரத்தை இரு மடங்காக்கினால் சுமார் 3 டெசிபல் குறையும். முதன்மைச் சாலையை விட்டு உள்தெருவுக்குப் போனால் தூக்கம் கெடாது.

நீங்களே அளந்து பாருங்கள்

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்புங்கள். காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளி நில்லுங்கள். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த மட்டத்தின் உயரத்தை இரண்டு இடங்களிலும் அளந்து கழித்தால், எந்த இடம் எவ்வளவு தாழ்வு என்று தெரியும். இப்படியே படிப்படியாக உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள வாய்க்காலின் கரை வரை அளந்து குறியுங்கள். உங்கள் வீட்டுத் தரை கரையைவிடத் தாழ்வாக இருக்கிறதா?

பிறகு மேடு, குடிநீர், பயண நேரம், சத்தம், வாடகை ஆகிய ஐந்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பார்த்த வீடுகளை ஒப்பிடுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் தாழ்வான இடம். கையில் பணம் இல்லாதவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. மழைநீர் முதலில் புகுவதும் அவர்கள் வீட்டில்தான். வாய்க்காலை அகலமாகவும் கண்மாயைக் கண்மாயாகவும் காப்பாற்றினால் அவர்களும் அச்சமின்றி உறங்கலாம். நீங்கள் வரையும் தெருவின் மட்ட வரைபடத்தை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.