பரணில் தொடங்கும் கொலு

நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போனால் என் கண் முதலில் பொம்மைகளின் மூக்குக்குத்தான் போகும். மூக்கும் விரல்நுனியும் முழுசாக இருந்தால், அந்த வீட்டில் பொம்மையை எடுத்துவைக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று பொருள். கிருஷ்ணனின் புல்லாங்குழலும் சரஸ்வதியின் வீணைக் கழுத்தும்தான் முதலில் உடையும். படியில் நிற்கிற ஒன்பது நாளில் அவ்வளவு சேதம் வராது. மிச்ச நாளெல்லாம் பரணில் கிடக்கும்போதுதான் வரும்.

பண்ருட்டி, விளாச்சேரி, காஞ்சிபுரம், புதுச்சேரி என்று பொம்மைக்குப் பேர்போன ஊர்கள் பல. களிமண்ணை அச்சில் அழுத்திக் காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசுவது பழைய முறை. மண் பொம்மை கனம். கை தவறினால் போச்சு. காகிதக்கூழ் பொம்மை லேசு, விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஈரம்தான் எமன். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், விஜயதசமி முடிந்து பொம்மைகளைக் கட்டும் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். ஈரக்காற்றோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால், அடுத்த புரட்டாசியில் வண்ணம் செதில் செதிலாக உரிந்து வரும். மழை வெறிக்கிற ஒரு நாள் வரை பொறுத்திருப்பது நல்லது. அதற்காக மொட்டை மாடி வெயிலில் பரப்பிவிடக் கூடாது, நிறம் வெளுக்கும்.

சுற்றுவதிலும் ஒரு முறை உண்டு. பழைய வேட்டித் துணி உள்ளே, செய்தித்தாள் வெளியே. மாற்றிச் செய்தால் அச்சு மை லட்சுமியின் கன்னத்தில் ஏறிவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பாகம் பாகமாகக் கழற்றித் தனித்தனியே சுற்ற வேண்டும். செம்மர மரப்பாச்சி மட்டும் எதற்கும் அசையாது. பாட்டி காலத்து ஜோடி இன்றும் பல வீடுகளில் புதுச் சட்டை, புடவையோடு மேல்படியில் நிற்கிறது.

அடுக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படிகள் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் இருக்கும். இருக்கிற பொம்மையை எல்லாம் ஏற்றியாக வேண்டும் என்று நெருக்குவதால்தான் பாதி கொலுக்கள் கெடுகின்றன. உயரமானது பின்னால், குட்டை முன்னால், நடுவே மூச்சுவிட இடம். படிக்கு வெள்ளை வேட்டி போதும். ஜரிகை மின்னும் பட்டுப்புடவையை விரித்தால் பார்வை பொம்மையில் நிற்காது. தசாவதாரம் மச்சம் முதல் கல்கி வரை ஒரே படியில் வரிசையாக நிற்கட்டும். கிரிக்கெட் செட்டும் செட்டியார் கடையும் தரையில் போடும் பார்க்குக்குப் போகலாம். அந்தப் பார்க்கில் புல்வெளி வேண்டுமானால், சில நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கடுகோ கேழ்வரகோ தூவுங்கள். குழந்தைகள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்!

இப்போது சிலர், சிரமம் எதற்கு என்று கொலுப் பொம்மைகளை வருஷம் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸிலேயே வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜன்னல் வெளிச்சம் நிறத்தைத் தின்பது ஒருபுறம். எந்நேரமும் எதிரே நிற்கிற பொம்மையை வீட்டார் ஒரே மாதத்தில் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இந்த முறை பெட்டி கட்டும்போது, உள்ளே எந்த செட், எத்தனை உருப்படி, எது விரிசல் கண்டது என்று ஒரு சீட்டில் எழுதி மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த மகாளய அமாவாசையன்று படி கட்டும்போது கூர்மாவதாரத்தைத் தேடிப் பரணையே புரட்ட வேண்டியிருக்காது.