ஸ்ட்ரோக்: நாலரை மணி நேரக் கணக்கு

திருவொற்றியூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்குக் காலை ஆறு மணிக்கு வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. "வாயுவா இருக்கும்" என்று வீட்டில் படுக்க வைத்தார்கள். மணி எட்டைத் தாண்டித்தான் ஆட்டோ பிடித்தார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல கன்டெய்னர் லாரி வரிசை. ஆஸ்பத்திரி வாசலில் மணி பத்தேகால்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?"

ஏன்? மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசி பலன் தரும் என்று 1995-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அப்போது கெடு 3 மணி நேரம். 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அதை நாலரையாக நீட்டியது. தூக்கத்தில் வந்தால், பொதுவாகப் படுக்கப் போன நேரத்திலிருந்தே கணக்கு. ஊசிக்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம், ரத்தக்கசிவாக இருந்தால் அதே மருந்து உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பெரியப்பாவுக்கு ஸ்கேன் முடிவதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. பெரிய குழாய் அடைப்பைத் தொடை வழியாகக் கம்பி விட்டு எடுக்கும் முறை, சிலருக்கு 24 மணி நேரம் வரை உதவும். அவருக்கு அடைத்தது சின்னக் குழாய்.

இன்றும் சட்டைப் பொத்தானைப் பெரியம்மாதான் போட்டு விடுகிறார்.

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல்: இதில் ஒன்று தெரிந்தாலும் மணியைக் குறிச்சுக்குங்க. உடனே 108.