புதிய டயர்கள் பின்னால் ஏன்?

முன்சக்கரங்களால் இயங்கும் காரில் முன் டயர்களே விரைந்து தேய்வதால், இரண்டை மட்டும் மாற்றுவோர் புதியவற்றை முன்னால் பொருத்துவதே முறை எனக் கருதினாலும், மழைக்காலச் சாலை அதற்கு நேர்மாறானதையே வேண்டுகிறது. டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றும் வடிகால்கள் என்பதால், அவற்றின் ஆழம் குறையும்போது, வேகத்தில் விலக இயலாத நீர் ரப்பருக்கும் தாருக்கும் இடையே ஆப்புப்போல் நுழைந்து சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது; இதுவே நீர்வழுக்கல் எனப்படும். முன்சக்கரங்கள் வழுக்கினால் கார் வளைவில் திரும்பாமல் நேராகச் செல்ல முற்படும், ஆயினும் வேகத்தைத் தணித்தால் பெரும்பாலும் பிடிப்பு மீளும். பின்சக்கரங்கள் வழுக்கினாலோ வண்டியே சுழன்றுவிடும், அதைத் திருத்தும் திறன் அன்றாட ஓட்டுநர்களிடம் மிக அரிது. ஆகவே புதிய இணையைப் பின்னால் பொருத்தி, குறைவாகத் தேய்ந்த பழைய இணையை முன்னுக்கு நகர்த்துவதே தக்கது. பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் அமைந்த ரப்பர் மேடுகளின் மட்டம்வரை தேய்ந்த டயரோ எப்பக்கத்துக்கும் ஆகாது.