ஆங்கிலம் பேசும் நாடு, வாசிக்கத் திணறும் பிள்ளைகள்

துபாய் மருத்துவமனையில் ஊசி போட வரும் நர்ஸ், சரக்குக் கப்பலில் மாலுமி, சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண். வெளிநாட்டில் வேலை பார்த்த தமிழர்களுக்கு பிலிப்பைன்ஸ்காரர் என்றதும் இவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். "அவங்களுக்கென்ன, இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு" என்ற பேச்சும் கூடவே வரும். தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவையில் 2010 வாக்கில் இந்தியாவையே முந்திய நாடு அது.

அந்தப் பாராட்டு பொய்யில்லை. ஆனால் நம் கண்ணில் படுவது தேறி வந்தவர்கள் மட்டுமே. பல நாடுகளுக்கு நர்ஸாகப் போக ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் வாங்கியாக வேண்டும். நேர்காணலில் தடுமாறாமல் பேசினால்தான் கால்சென்டரில் இருக்கை கிடைக்கும். நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேர் தேறுவதே கஷ்டம் என்று அந்தத் துறையினரே சொல்லிவந்திருக்கிறார்கள். மீதிப் பேர் ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களை நாம் பார்ப்பதில்லை.

2018-இல் 15 வயது மாணவர்களுக்கு நடந்த பீசா சர்வதேசத் தேர்வு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 79 நாடுகளும் பிரதேசங்களும் கலந்துகொண்ட அந்தத் தேர்வில் வாசிப்பில் கடைசி இடம் பிலிப்பைன்ஸுக்கு. அங்கே வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எழுதியவர்களில் 94 சதவீதம் பேர் வீட்டில் பேசுவது வேறு மொழி. அடுத்த ஆண்டு தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஆரம்பப் பள்ளியை முடிக்கும் பிள்ளைக்கு வேண்டிய வாசிப்புத் திறன் வியட்நாமில் 82 சதவீதம் பேருக்கு இருந்தது. பிலிப்பைன்ஸில் 10 சதவீதம் பேருக்குத்தான். வியட்நாம் பிள்ளைகள் எழுதியது அவர்கள் சொந்த மொழியில். எல்லாப் பழியையும் மொழியின் தலையில் போட முடியாது. வறுமை உண்டு, பசி உண்டு. ஆனாலும் இந்த வித்தியாசத்தைக் கண்டும் காணாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

1898-இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்குப் போனது. 1901-இல் இலவசப் பொதுப்பள்ளிகளுக்குச் சட்டம் வந்தது, பாடமொழி ஆங்கிலம். அந்த ஆண்டு ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஸ்பானியர்களின் மொழி மேல்தட்டோடு நின்றுபோயிருந்தது. இந்தப் புதுப் பள்ளிக்கூடம் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து, 1925-இல் ஆய்வுக்கு வந்த பால் மன்றோ குழு, பெரும்பாலான பிள்ளைகள் சில வகுப்புகளோடு படிப்பை விட்டுவிடுவதையும், அந்நிய மொழியில் கற்பது அவர்களுக்குப் பெரும் சுமையாக இருப்பதையும் எழுதிவைத்தது.

அந்தச் சுமை இன்றும் இறங்கவில்லை. சமார் தீவில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பேசுவது வாராய் மொழி. தேசிய மொழியான பிலிப்பினோ, மணிலா வட்டாரத்து டகலாக்கை அடிப்படையாகக் கொண்டது. அது அவனுக்குத் தொலைக்காட்சியின் மொழி. ஆங்கிலம் பாடப் புத்தகத்தின் மொழி. மேல் வகுப்புகளில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்தான். அம்மா சாரி-சாரி பெட்டிக்கடைக்கு அனுப்பினால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் போக மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிற பிள்ளைதான். அதே கழித்தல், இரண்டு வரி ஆங்கிலக் கதையாக வந்தால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஆசிரியர் ஆங்கிலத்தில் வாசித்து, வாராயில் விளக்கிச் சொல்வார். தேர்வறையில் விளக்கிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

மணிலாவின் வசதியான குடியிருப்புகளில் பெற்றோர் குழந்தையிடம் பேசுவதே ஆங்கிலத்தில்தான். கதைப்புத்தகம் முதல் தனியார் பள்ளி வரை எல்லாம் அதே மொழி. 2011-இல் 'மணிலா புல்லட்டின்' நாளிதழில் ஒரு கல்லூரி மாணவர், தனக்கு ஆங்கிலம் கல்வியின் மொழி, பிலிப்பினோ தெருவின் மொழி, வேலைக்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் பேசத் தேவைப்பட்ட மொழி என்று எழுதினார். நாடே கொதித்தது. அவர் தன் வளர்ப்பை ஒளிக்காமல் சொன்னார் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்படி வளரும் பிள்ளைக்கும் சமார் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, அதன்பின் இவன் கெட்டிக்காரன், அவன் மக்கு என்று தீர்ப்பு எழுதுவதுதான் அநியாயம்.

அந்த அநியாயம் எல்லோர் கண்ணிலும் பட்டது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், முழுமையாக நேரடி வகுப்புக்குத் திரும்ப 2022-இன் கடைசி மாதங்கள் ஆயின. பணமுள்ள வீடுகளில் லேப்டாப், இணைய வகுப்பு. மற்றவர்களுக்கு அச்சிட்ட 'மாட்யூல்'. அம்மாக்கள் பள்ளி வாசலில் வரிசையில் நின்று அந்தத் தாள்கட்டுகளை வாங்கிப் போவார்கள். குறித்த நாளில் விடைத்தாளோடு திரும்புவார்கள். இடையில் சொல்லித்தர வேண்டியவர்களும் அந்த அம்மாக்களேதான், அவர்களில் பலர் ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள். மேல் வகுப்புக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் இருந்தன. பல வீடுகளில் அண்ணன், அக்கா, தெரிந்தவர்கள் என்று யாரோ விடை எழுதிக் கொடுத்தார்கள். தாள் நிரம்பியது, பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை. அந்த அம்மாக்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மாற்று வழி தெரியாமல் இல்லை. இலோயிலோ மாகாணத்தில் ஹோசே அகிலார் என்ற கல்வி அதிகாரி 1948 முதல் 1954 வரை ஒரு சோதனை நடத்தினார். முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஹிலிகாய்னோன் மொழியில் பாடம், பிறகு ஆங்கிலம். தாய்மொழியில் தொடங்கிய பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். ஆங்கிலத்துக்கு மாறியபின் அதிலும் சீக்கிரமே மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். வடக்கே கலிங்கா மாகாணத்து மலையூரான லுபுவாகனில் பின்னாளில் நடந்த முயற்சியும் இதையே காட்டியது. தாய்மொழி வழியாகப் போன பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் நன்றாக வந்தது.

இந்த அனுபவங்களின் பலத்தில்தான் 2009-இல் தாய்மொழி வழிக் கல்விக்கு அரசாணை வந்தது. 2013-இல் சட்டமும் ஆனது. மழலை வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 19 மொழிகளில் பாடம். ஆனால் அகராதி, இலக்கணம், எழுத்துமுறை, கதைப்புத்தகம் என்று அதற்கு வேண்டிய நான்கையும் தயார் செய்த பள்ளிகள், 2019-இல் ஆய்வு செய்தவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2012 முதல் பத்து வகுப்புகளுக்கும் சேர்த்து அரசு வாங்கி முடித்த பாடநூல்களே 27 தான் என்று நாடாளுமன்றக் கல்விக் குழு கண்டுபிடித்தது. விதையும் தண்ணீரும் கொடுக்காமல் விளையவில்லை என்று நிலத்தைக் குறை சொன்னார்கள். 2024 அக்டோபரில் தாய்மொழியைக் கட்டாயப் பாடமொழியாக வைத்திருந்த ஏற்பாடு சட்டப்படி நீங்கியது. மீண்டும் பிலிப்பினோவும் ஆங்கிலமும். வட்டார மொழிகள் துணைக்கு மட்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மொழி பேசும் வகுப்பாக இருந்தால் விரும்பிய பள்ளி தொடரலாம். பல மொழிகள் கலந்த நகரத்து வகுப்பறைகளின் சிரமம் உண்மையானதுதான். அதற்காகக் கிராமத்துப் பிள்ளையின் மொழியையும் ஓரங்கட்டியிருக்க வேண்டாம்.

இத்தனைக்கும் நடுவே செபுவிலும் பாகியோவிலும் ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் நிறைந்திருக்கின்றன. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இளைஞர்கள் பணம் கட்டி வந்து, பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களிடம் ஆளுக்கொருவராக உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு அவர்கள் கிடைப்பதில்லை.

தாய்மொழி ஏற்பாடு நீங்கிய அதே மாதம், வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய மாணவர்களுக்கு இலவசத் தனிப்பயிற்சி தர இன்னொரு சட்டத்தில் அதிபர் மார்க்கோஸ் ஜூனியர் கையெழுத்திட்டார். அதற்குப் பயிற்றுநர்களை அமர்த்தும்போது, சமாருக்கு வாராய் தெரிந்தவரையும் கலிங்கா மலைக்கு அந்த மலை மொழி தெரிந்தவரையும் அனுப்பச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. மாகாணக் கல்வி அலுவலகங்கள் நினைத்தால் இந்தப் பள்ளியாண்டிலேயே அதைச் செய்யலாம்.